எழுபத்திரண்டும் பத்தொன்பதும்

சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையில் ஒரு வாக்கியம் வருகிறது: கல்லூரியில் சங்கீதம் படித்து எவனும் சங்கீதக்காரன் ஆனதில்லை. எழுதியபோது அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. நண்பர்கள் இரண்டு பேர் அதைப் பாராட்டிக் கடிதம்கூட எழுதினார்கள். சென்ற வருஷம் ஜூன் மாதம் அதே வாக்கியத்தை, ஏறத்தாழ அதே சொற்களில், எங்கள் கிளை மேலாளர் சொன்னார். அவர் என் கட்டுரையைப் படித்தவர் அல்ல. எந்தக் கட்டுரையையும் படிப்பவர் அல்ல. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது.

நான் வேலை பார்ப்பது கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் இடையில் ஒரு வங்கிக் கிளையில், குமாஸ்தாவாக. (எலியட்டும் வங்கியில் உட்கார்ந்திருந்தவர்தான் என்று நண்பர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. அவர் எட்டு வருஷத்தில் வெளியே வந்துவிட்டார்.) ஜூன் 12ல் மேட்டூர் திறக்குமா, திறக்காதா என்பதை வைத்து நகர்கிற கிளை இது. குறுவைக்குப் பயிர்க்கடன், பயிர்க்கடன் போதாமல் நகைக்கடன். இந்த நெரிசலுக்கு நடுவில்தான் கல்விக்கடன் மனுக்களும் வந்து சேரும். பொறியியல், நர்சிங், கேட்டரிங். அந்த வரிசையில் ஒரு தவில்காரர் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். பிளஸ் டூ முடித்த பெண். இசையில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு: படிப்பு முடிந்தபின் எதிர்பார்க்கும் வருமானம். அதை நிரப்புவதற்காக, படித்து என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். “பாட்டு அமைக்கணும் சார். அமைச்ச பாட்டு ஏன் அப்படி நிக்குதுன்னு தெரியணும்” என்றாள். தகப்பனார் குறுக்கிட்டார்: “எங்க வீட்ல எல்லாம் இருக்கு சார். ஏன்னு கேட்டா சொல்ற ஆள் இல்லை.”

மேலாளரிடம் காகிதத்தைக் கொண்டுபோனேன். அவர் சிரித்துவிட்டுத்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னார். “இதெல்லாம் ரத்தத்துல வரணும். காலேஜ்ல படிச்சு எவன் வித்வான் ஆயிருக்கான்? பி.காம். சேரச் சொல்லுங்க.”

என் வாக்கியத்துக்குப் பின்னால் நாலு பக்கம் காரணங்கள் இருந்தன. அவர் வாக்கியத்துக்குப் பின்னால் வாராக்கடன் பற்றிய பயம் மட்டும் இருந்தது. ஆனால் அந்த அறையில், அந்தக் காகிதத்தின்மேல், இரண்டு வாக்கியங்களும் ஒரே வேலையைத்தான் செய்தன. ஒரு கருத்து எந்தக் காரணங்களால் உண்டானது என்பதைப் பார்த்து அதை மதிப்பிடுவதா, அது யார் முகத்தில் கதவைச் சாத்துகிறது என்பதைப் பார்த்து மதிப்பிடுவதா? விமர்சகர்கள் முதலாவதைத்தான் செய்கிறோம். இரண்டாவது நம் பொறுப்பு அல்ல என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு சரியா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் என் வாக்கியம் உண்மையிலேயே பொய். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் சீர்காழி கோவிந்தராஜன் தமிழிசைச் சங்கக் கல்லூரியில் படித்து இசைமணி பட்டம் வாங்கியவர். பிறகு திருப்பாம்புரம் சாமிநாத பிள்ளையிடம் கற்றார் என்று சொல்லி, வித்தை அங்கிருந்துதான் வந்தது என்று வாதாடலாம். அப்படி வாதாடினால் எந்த உதாரணத்தையும் இல்லாமல் செய்துவிடலாம். சிதம்பரத்தில் 1929ல் தொடங்கி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த இசைக் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். டைகர் வரதாச்சாரியார், தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை, தண்டபாணி தேசிகர் எல்லாரும் அங்கே கற்பித்தவர்கள். இவர்கள் யாரையும் பல்கலைக்கழகம் உருவாக்கவில்லை, குருகுலமும் கோயிலும் உருவாக்கியவர்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டி வந்தது, அவ்வளவுதான் என்று அந்தக் கட்டுரையில் எழுதினேன். இப்போது பார்க்கும்போது அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லின் அலட்சியம் தெரிகிறது. ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பேருக்குக் கிடைத்ததை, அந்த வீட்டில் பிறக்காத இருபது பேர் விண்ணப்பம் போட்டுக் கேட்க முடிந்தது. அது சின்ன விஷயம் அல்ல.

சரி. ஆனால் அந்தப் பெண் கேட்டது பாடக் கற்பதை அல்ல. பாட்டு அமைக்கவும், ஏன் என்று தெரிந்துகொள்ளவும். இங்கேதான் பல்கலைக்கழகங்கள்மேல் என் பழைய கோபம் இன்னும் மிச்சமிருக்கிறது. நம் பாடத்திட்டங்களில் பாட்டுக்கு ‘உருப்படி’ என்று பெயர். முதல் வருஷம் இத்தனை உருப்படி, இரண்டாம் வருஷம் இத்தனை உருப்படி. வர்ணம் இத்தனை, கிருதி இத்தனை, பதம் ஒன்று, தில்லானா ஒன்று. சலவைக்குப் போடும் துணியையும் உருப்படி என்றுதான் எண்ணுகிறோம். உருப்படியைக் கற்றுக்கொடுப்பார்கள், உருப்படி எப்படி உருப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் கற்றுக்கொடுப்பதில்லை. மேல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பு என்று ஒரு துறை இருந்தால், அங்கே உயிரோடிருக்கிற மாணவன் எதையோ எழுதி, அது கிழிபட்டு, மறுபடி எழுதுகிறான். நம்மிடம் இசையமைத்தவர் என்றால் செத்துப்போனவர், படம் மாட்டப்பட்டவர், வாக்கேயக்காரர் என்ற பட்டத்தோடு வருஷத்துக்கு ஒரு நாள் மாலை போட்டுக்கொள்கிறவர்.

இதற்கு வழக்கமாக ஒரு பதில் உண்டு. நம் பாடகன் ஒவ்வொரு மாலையும் மேடையில் இசையமைக்கிறான் — ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் — எனவே அமைப்பவன், நிகழ்த்துபவன் என்ற பிரிவினை நமக்கு ஒட்டாது என்பார்கள். பதிலில் உண்மை இருக்கிறது. அதில் ஒளிந்துகொள்ளும் சோம்பேறித்தனமும் இருக்கிறது. அந்த மனோதர்மம் நடக்கிற களம் இருநூறு வருஷத்துக்கு முன் இதே காவிரிக்கரையில் போடப்பட்டது. களத்தைப் போட்டவர்கள் எதை யோசித்தார்கள் என்று கேட்பதைத்தான் அந்தப் பெண் படிப்பு என்று நினைக்கிறாள்.

சாஸ்திரம் என்பது எப்போதும் சங்கீதத்துக்குப் பின்னால் நடந்துவரும் கணக்குப்பிள்ளை என்று ஒரு எண்ணம் ரசிகர்களிடம் வேரோடியிருக்கிறது. லட்சியம் முன்னால், லட்சணம் பின்னால். பேச்சுக்குப் பின்தான் இலக்கணம். பொதுவாகச் சரி. ஆனால் தஞ்சாவூரிலேயே இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு நடந்திருக்கிறது. நாயக்க அரசின் மந்திரியான கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி, 17ஆம் நூற்றாண்டில் விஜயராகவ நாயக்கர் காலத்தில் சதுர்தண்டிப் பிரகாசிகை எழுதினார். ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாதவை. ரிஷப காந்தாரம் 6 வகையாகச் சேரும், தைவத நிஷாதம் 6 வகை, மத்யமம் 2. ஆறாறு முப்பத்தாறு, இரண்டால் பெருக்கினால் 72. பள்ளிக்கூடப் பையன் போடுகிற பெருக்கல். அந்தக் காலத்தில் வழக்கில் இருந்த மேளங்கள் என்று அவரே கணக்கிட்டவை 19 மட்டும். மீதி 53 அறைகளில் ஆள் இல்லை, விளக்கில்லை, பாய்கூட இல்லை.

இது வெட்டிக்கணக்கு என்று அன்றைய வித்வான்கள் சொல்லியிருந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பாட்டு இல்லாத ராகத்துக்கு எதற்கு எண்? ஆனால் அறைகள் நிரம்பின. சாருகேசி அந்த 19க்கு வெளியே இருந்தது. தியாகராஜர் அதில் கிருதி செய்தார். ஷண்முகப்பிரியாவும் அப்படி வெளியே இருந்ததுதான். இன்று தவில் தனிக்கு முன் நாகஸ்வரக்காரர் அதை எடுத்தால் பந்தலில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.  இருபதாம் நூற்றாண்டில் கோடீஸ்வர ஐயர் 72 மேளத்திலும் தமிழில் கிருதி செய்து முடித்தார். எல்லா அறையிலும் விளக்கு நன்றாக எரிகிறதா என்றால், சில விவாதி மேளங்களில் எனக்குப் புகைதான் தெரிகிறது. அது என் காதின் குறையாகவும் இருக்கலாம். ஆனால் காலி அறையைக் கட்டி வைத்தவனுக்கும், நூற்றைம்பது வருஷம் கழித்துக் குடிவந்தவனுக்கும் இடையில் ஏதோ உறவு இருக்கிறது. அந்த உறவைத்தான் சாஸ்திரம் என்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே வேங்கடமகி கல்யாணி ராகத்தைத் துருக்கருக்குப் பிரியமானது என்று ஒதுக்கி வைக்கிறார். கீதத்துக்கும் பிரபந்தத்துக்கும் லாயக்கில்லை என்கிறார். கணக்குப் போட்ட கை எதிர்காலத்தைச் சரியாகத் தொட்டது. ரசனை சொன்ன வாய் அடுத்த தலைமுறையிலேயே பொய்யாகிப்போனது. கல்யாணி இல்லாத கச்சேரியை இன்று யார் நினைப்பார்கள்? நாம் ரசனையை உயர்ந்தது என்றும் கணக்கை வறட்டுத்தனம் என்றும் பிரித்து வைத்திருக்கிறோமே, அந்தப் பிரிவினைமேல் எனக்கு அவநம்பிக்கை வந்தது இந்த ஒரு மனிதரைப் படித்ததால்தான். வறட்டுக் கணக்கில் குறைந்தபட்சம் ஜாதி இல்லை, மதம் இல்லை.

ஆபிரகாம் பண்டிதரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தஞ்சாவூரில் சித்த வைத்தியம் செய்தவர், கிறிஸ்தவர். மருந்தில் சம்பாதித்ததைச் சங்கீதத்தில் செலவழித்தார். 1912லிருந்து சொந்தச் செலவில் சங்கீத மகாநாடுகள் கூட்டினார். 1916ல் பரோடா மகாநாட்டுக்குப் போய்த் தன் சுருதிக் கணக்கை வாதாடினார். 1917ல் ஆயிரம் பக்கத்துக்குமேல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டு, 1919ல் இறந்துபோனார். ஸ்தாயியில் சுருதி 22 என்று சார்ங்கதேவர் வழியில் எல்லாரும் ஒப்புவித்துக்கொண்டிருந்தபோது இல்லை, 24 என்றார், சிலப்பதிகாரத்தை ஆதாரம் காட்டி. அவருடைய கணக்கில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. தோடியின் காந்தாரம் 22க்கும் கட்டுப்படாது, 24க்கும் கட்டுப்படாது. அது ஒரு இடத்தில் நிற்கிற ஸ்வரமே அல்ல, ஒரு போக்கு. ஆனால் சங்கீதத்தின் காரணத்தைப் பற்றிக் கேள்வி கேட்க ஒருவன் வித்வான் வீட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை, வைத்தியனாக இருந்துகொண்டு கேட்கலாம், கேட்டால் சபை பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ஆக்கியவர் அவர். தஞ்சாவூருக்குத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981ல் வந்தது. அதற்கு எழுபது வருஷத்துக்கு முன்பே ஒரு தனிமனிதர் தன் தோட்டத்தில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எதிர்த்தரப்புக்கும் வலுவான சாட்சி உண்டு; அதை மறைப்பது நேர்மையல்ல. ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்கிற ஊர். பழைய வீடுகள் இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். 2022ல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய திமிரி நாகஸ்வரத்தில் சுத்த மத்யமம் சரியாகப் பேசாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு அது குறையாகப் பட, அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி குழலின் நீளத்தையும் துளையையும் மாற்றிப் பாரி நாகஸ்வரத்தைச் செய்துகொடுத்தார். ஒலியியல் வகுப்பு நடந்த இடம் பட்டறை. காதும் உளியுமே பாடப்புத்தகம். எந்தப் பல்கலைக்கழகமும் பக்கத்தில் இல்லை. இப்படி ஒரு அறிவு இருக்கும்போது பட்டம் எதற்கு என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதே ஆசாரியிடம் ஒருவர் போய், நீளத்துக்கும் சுருதிக்கும் என்ன உறவு, அடுத்த துளையை எங்கே போடுவது என்று காரணம் கேட்டால் அவர் கையைக் காட்டியிருப்பார். கை சொல்வதைப் பக்கத்தில் பத்து வருஷம் உட்கார்ந்திருக்கக் கொடுத்துவைத்தவன் தெரிந்துகொள்வான். அந்த இடம் எல்லாருக்கும் கிடைக்காது.

‘கற்பிக்க முடியாது’ என்று யார் சொல்கிறார்கள் என்று பார்த்தால், அநேகமாக, கற்பிக்கப்பட்டது தெரியாமலே கற்பிக்கப்பட்டவர்கள். தொட்டிலிலேயே கொன்னக்கோல் கேட்டவனுக்கு லயம் ரத்தத்தில் இருப்பதாகத்தான் தோன்றும். தூளியை ஆட்டிய கை தாளத்தில் ஆட்டியது அவனுக்கு ஞாபகம் இருக்காது. நான் சிறுவயதில் நாலு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டேன். மாயாமாளவகௌளையில் ஏன் ஆரம்பிக்கிறோம் என்று ஒரு நாள் கேட்டேன். வாத்தியார் தொடையில் ஒன்று போட்டு, கேட்காதே, பாடு என்றார். பாடினேன், கொஞ்ச நாளில் நின்றுபோனேன். அவர் மோசமான வாத்தியார் அல்ல. அவருடைய வாத்தியாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அதே இடத்தில் ஆராதனையில் பெண்கள் பாடுவதற்கு அவரே போராட வேண்டியிருந்தது. பரம்பரை என்ற சொல்லை உருக்கத்தோடு சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மதிப்பெண் விவகாரம் வேறு. மனோதர்மத்துக்கு எப்படி மார்க் போடுவது? மூன்று பேர் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆலாபனை கேட்டு எண் போட்டால், அவர்கள் அளப்பது தப்பு இல்லாமையைத்தான். தப்பு இல்லாமை வவுச்சருக்கு நல்ல குணம். எனக்கு அது அன்றாடம் தெரியும். இதை என் பழைய கட்டுரையில் கேலியாக எழுதியிருந்தேன். இப்போதும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் குருகுலத்திலும் மார்க் உண்டு. குரு பேசாமல் இருந்துவிடுவார். அல்லது கச்சேரிக்குப் பக்கத்தில் உட்கார வேறு பையனைக் கூப்பிடுவார். அந்த மார்க்குக்கு மறுமதிப்பீடு கிடையாது. பல்கலைக்கழகத்தின் எண்ணை எதிர்த்துக் கேட்க ஒரு படிவமாவது இருக்கிறது. பிரின்ஸ்டனில் மில்டன் பாபிட் 1946ல் கொடுத்த ஆய்வை — 12 ஸ்வரங்களைக் கோக்கும் முறைகளைக் கணிதமாகப் பார்த்தது, வேங்கடமகிக்குப் புரிந்திருக்கும் — ஏற்கவில்லை. அவர் அங்கேயே பேராசிரியராக இருந்து ஓய்வும் பெற்றார். 1992ல் அதே ஆய்வுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். 46 வருஷம் தாமதம் கேலிக்குரியதுதான். தவறு என்று பதிவாகி, தவறு என்று ஒப்புக்கொள்ளப்பட்டதும் அங்கே நடந்திருக்கிறது. அந்த 12 ஸ்வர முறையைத் தொடங்கிவைத்த ஷோன்பெர்க் பெரும்பாலும் தானே கற்றுக்கொண்டவர். அவர் கலிபோர்னியாவில் சாதாரண மாணவர்களுக்காக 1942ல் ஆரம்பப் பாடப்புத்தகம் எழுதினார். அந்த வகுப்பிலிருந்து இன்னொரு ஷோன்பெர்க் வருவான் என்று எதிர்பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. எட்டு அடி நீளத்துக்கு ஒரு வாக்கியத்தை நிமிர்ந்து நிற்கவைக்க எல்லாருக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்ற அளவில்தான் எழுதியிருக்கிறார். பி.ஏ. இங்கிலீஷ் படித்து நான் கவிஞன் ஆகவில்லை. ஆனால் ஒரு வரி ஏன் விழுகிறது என்று சொல்ல வருகிறது. அதை யாரோ எனக்குக் கற்பித்தார்கள். அதற்கு என் அப்பா வட்டிக்குக் கடன் வாங்கினார்.

மனுவுக்கு நான்தான் குறிப்பு எழுத வேண்டும். வருமானக் கட்டம் காலியாக இருந்தது. பள்ளிக்கூட இசை ஆசிரியரின் சம்பளத்தை அதில் எழுதினேன். தொகை 4 லட்சத்துக்குள் என்பதால் ஈடு கேட்க வேண்டியதில்லை என்ற விதியையும் மேற்கோள் காட்டினேன். மேலாளர் ஆசிரியர் என்ற சொல்லைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் எழுதியது பொய் அல்ல. அந்தப் படிப்பு படித்தவர்கள் அந்த வேலைக்குப் போகிறார்கள். ஆனால் அவள் சொன்னதும் அது அல்ல. அவள் கேட்டதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை என்பதால், கட்டத்துக்குப் பொருந்துகிற ஒரு சின்ன ஆசையை அவள் பெயரில் நானே தயாரித்தேன். கற்பனை ஸ்வரம்கூட அவ்வளவு சுலபமாக எனக்கு வந்ததில்லை. இது உதவியா, அவமதிப்பா என்று இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை. அவளிடம் சொல்லவும் இல்லை.

இந்த வருஷம் தை மாதக் கடைசியில் அடுத்த தவணைக்காக இருவரும் வந்தார்கள். அறுவடை முடிந்து கூட்டம் அதிகம். கையில் நோட்டு இருந்தது. அவளே எழுதிய பல்லவி ஒன்று, கீரவாணியில், ஆதி தாளம். வகுப்பில் கேட்டு எழுதச் சொன்னதாம். (இப்படிச் சொல்கிற ஆசிரியரும் இருக்கிறார் என்பதை என் கோபத்தோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.) மூன்றாவது சங்கதியைச் சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் பதம் பிளவுபடுகிறது, எடுப்பைத் தள்ளவும் என்று எழுதியிருந்தது. தகப்பனாருக்கு ஸ்வரக் குறிப்பு படிக்க வராது. பாடிக் காட்டச் சொன்னார். கவுண்டருக்கு முன்னால் மெல்லப் பாடினாள். அவர் கண்ணாடிமேல் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “அரை இடம் தள்ளி எடும்மா. இல்லேன்னா கோர்வை வந்து உக்காராது” என்றார். வார்த்தை எங்கே உடைகிறது என்பது அவர் கவனத்திலேயே இல்லை.

“ரெண்டு பேரும் தள்ளணும்னுதான் சொல்றாங்க. காரணம் வேற வேற சொல்றாங்க. எது சார் சரி?” என்று என்னைக் கேட்டாள்.

எனக்குப் பின்னால் டோக்கன் மணி அடித்தது. தெரியவில்லை என்று சொன்னேன். பதிவு போட்டுப் பாஸ்புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் நகர்ந்துபோய், நகைக்கடன் புதுப்பிக்க வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டைத் தொடையில் வைத்து அந்தச் சங்கதியை அரை இடம் தள்ளி எழுதிக்கொண்டிருந்தாள். தள்ளி எழுதியதற்குக் கீழே, தள்ளாமல் இன்னொரு விதமாகவும்.